அத்தை உயர்த்திய தரை

புதுத் தரை காய்ந்த அன்று அத்தை நடுவீட்டில் நின்று குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். "பாத்தியா, நங்குன்னு கீது. இனிமே எந்த மய வந்து இன்னா பண்ணும்?" என்றாள். நானும் ஆசைக்கு ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். கல்லைப் போலத்தான் இருந்தது. அவள் என் அப்பாவின் தங்கை. எண்ணூரில் முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்வான தெருவில் எங்களுக்கு எதிர்வீடு. புருஷன் போனபிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவி, ஒரே மகளை வளர்த்துப் பெரம்பூரில் கட்டிக் கொடுத்தவள். வாய்த்துடுக்கு அதிகம். மழையைத் தவிர வேறு எதற்கும் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவுக்கு வெள்ளம் வானத்திலிருந்து வருவதில்லை, ரோட்டிலிருந்துதான் வரும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். ரோடு ஏற ஏற வீடுகள் இறங்கிக்கொண்டே வந்தன. சின்ன வயதில் படியேறிப் போன வீட்டுக்குள், வளர்ந்தபிறகு படியிறங்கிப் போனோம். மழைநீர் வடிகால் என்று ஒன்றையும் கட்டினார்கள். அதன் வாய் எங்கள் வாசலைவிட உயரம். தெருத் தண்ணீர் அதற்குள் போய் விழவேண்டுமானால் முதலில் எங்கள் வீடுகள் நிரம்பியாக வேண்டும். அதற்குத் திட்டம் போட்ட மகராசன் எந்த மலைமேல் குடியிருந்தானோ, தெரியவில்லை. ஐப்பசி பிறந்தால் கட்டில்மேல் அடுப்பை ஏற்றிவைத்துச் சமைப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அத்தை மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்த வருடம்தான் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. கணக்குப்படி பிரசவம் கார்த்திகையில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் சம்பந்தியம்மாள் வெற்றிலைத் தட்டை நகர்த்தியபடி மெதுவாகக் கேட்டாள்: "உங்க வூட்ல தண்ணி பூந்துகினே இருக்குமாமே, அங்க எப்டி பச்ச ஒடம்புக்காரிய அனுப்பறது?" மரியாதையாகத்தான் கேட்டாள். அத்தைக்கு அது செருப்படி. பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும், "எம்பொண்ணு இங்கதான் பெத்துப்பா, தரய தூக்கறேன்" என்றாள்.

தரையைத் தூக்க மண் வேண்டும். நல்ல மண் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும், அதை வாங்க எங்கள் தெருவில் யாருக்கு வக்கு இருந்தது? அனல்மின்நிலையச் சாம்பலை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பாதித் தெரு அதைத்தான் கொட்டி உயர்த்தியிருந்தது. தண்ணீர் தெளித்து இடித்தால் கெட்டியாக இறுகிவிடும், மேலே சிமெண்ட் பூசிவிட்டால் வேலை முடிந்தது. நானும் அம்மாவும் சட்டி சட்டியாகச் சுமந்தோம். பல நாள் வரை சோற்றில்கூடச் சாம்பல் நறநறத்தது. வளைகாப்பு முடித்து மகளை அழைத்துவந்த அன்று அத்தை தெருவே கேட்கும்படி சிரித்தாள்.

மழை வந்தது. ரோட்டுத் தண்ணீர் அத்தையின் வாசல்வரை வந்து, ஏற முடியாமல் நின்றது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. அத்தை நிலைப்படியில் உட்கார்ந்து, "அண்ணி, மீன் புட்சியா?" என்று என் அம்மாவைக் கிண்டல் செய்தாள். பின்பக்கச் சாக்கடையில் மட்டும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. "மய சாக்குல கம்பெனிக்காரன் கலீஜ தொறந்து வுட்டுட்டான், பாயாப் போறவன்" என்று அதற்கும் ஒரு வசவு. யாரும் குனிந்து பார்க்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் ஒரு நாள் கறுப்பாக ஓடும், ஒரு நாள் மஞ்சளாக ஓடும். தெளிவாக ஓடியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்போம். பின்சுவரின் அடியில் பழைய செங்கல் இடுக்கு வழியாக, கடல் உள்வாங்கி முகத்துவாரம் வற்றும்போதெல்லாம் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது அத்தை கொட்டிய சாம்பல்தான். சிமெண்ட் மேலே அப்படியே நின்றது, அடியில் ஒன்றுமில்லை.

மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில் நடந்தது அது. அத்தை அடுப்படியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலிலிருந்து எழுந்து நடுவீட்டில் கால் வைத்தாள். பெரிய சத்தம்கூட இல்லை, அப்பளம் நொறுங்குவது போலத்தான் கேட்டதாம். அலறல் கேட்டு நான் ஓடினபோது அவள் இடுப்புவரை தரைக்குள் இருந்தாள். உடைந்த சிமெண்ட் விளிம்பு வயிற்றில் முட்டியிருந்தது. "தூக்குடி, எம்மாடி, தூக்குடி" என்று கத்திய அத்தையின் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. இன்னும் வடியாத ரோட்டுத் தண்ணீரில் ஆட்டோ நின்று நின்று போனது. ஆஸ்பத்திரியில் தாயைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஆண் குழந்தை.

திரும்பி வந்த அத்தை அந்தக் குழிக்குள் இறங்கிக் கையால் துழாவினாள். "இன்னாடி இது, நாம கொட்னதெல்லாம் எங்கடி?" என்று என்னையே கேட்டாள். ரோடு போட்டவனைத் திட்டுவதா, வடிகால் கட்டியவனைத் திட்டுவதா, சம்பந்தியம்மாளையா? அந்த வாரம் தெருவில் எல்லோரும் தங்கள் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பல வீடுகளில் பானையைத் தட்டுவது போலக் கேட்டது. கேட்டு என்ன செய்ய? மேலே இன்னொரு பூச்சு பூசிக்கொண்டு அங்கேயே படுத்தார்கள்.

அத்தை இப்போது மணலி புதுநகரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். மகளுக்குப் பெரம்பூரிலேயே இன்னொரு குழந்தை பிறந்து, அதுவும் பள்ளிக்கூடம் போகிறது. தாயும் மகளும் சண்டை போட்டதே இல்லை. பொங்கலுக்கு மகள் வருவாள், சாப்பிடுவாள், சுவரோரமாகவே நடந்து போய்க் கை கழுவுவாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது அத்தை போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கு லீவு வுட்டாச்சில்ல, ஒரு நாலு நாள் இட்டுனு வாடி. மூணாவது மாடிடி, தண்ணி எப்டிடி ஏறும்?"

"மயயெல்லாம் ஓயட்டும்மா, வரேன்" என்று மகள் சொன்னது எனக்கும் கேட்டது.

சன்னலுக்கு வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே, "சரிடி, ஓயட்டும்" என்றாள்.