வரிசையில் கீழே இறங்கிய பெரியவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைக்காமல் இருக்க எங்கள் தொழிலில் யாராலும் முடிவதில்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

மூன்றே வரி

ராஜபாளையத்தில் எங்கள் சின்ன அலுவலகத்தில் நிரல் எழுதுகிறவர்கள் நானும் ஸ்டெல்லா அக்காவும்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, காத்திருப்பவர்களின் வரிசையை டிவியில் காட்டும் மென்பொருளை அக்கா எழுதியிருந்தார். ஒவ்வொருவராக எடுத்து, ஒப்பிட்டு, இடம் பார்த்துச் செருகும் நீளமான லூப். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ‘காத்திருப்பவர்களை எடு, வயதில் மூத்தவரை முன்னால் வை, பெயரைக் காட்டு’ என்று மூன்றே வரியில், தகவலைக் கேட்டு வாங்கும் குவெரியாக மாற்றிவிட்டேன். எப்படிச் செய்வது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டாம், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும் என்று அக்காவுக்கே பாடம் எடுத்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏட்டி, அழகாத்தான் இருக்கு. நான் என்ன கிறுக்கச்சியா, அம்புட்டு நீளமா எழுத?”

டிவியில் பெயர்

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை நானே பஸ் ஏறிப் போய்ப் புதியதைப் போட்டுக்கொடுத்தேன். வீட்டுக்கு வாங்கிய பால்கோவா பொட்டலத்தை மடியில் வைத்தபடி பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார். மறுநாள் அவருக்குக் கண் ஆபரேஷன். சர்க்கரை ரிப்போர்ட் அன்றே வேண்டும். டிவியில் அவர் பெயர் இரண்டாவதாக வந்தது. ஒரு பஸ் வந்து ஆட்கள் இறங்கினார்கள், அவர் பெயர் நாலாவதாகப் போனது. இன்னொரு பஸ், ஆறாவது. எழுந்து வந்து என்னிடமே கேட்டார். “கம்ப்யூட்டர் தப்பா போடாது ஐயா, போய் உக்காருங்க” என்றேன். இதை எழுதும்போதும் வெட்கத்தில் காது சுடுகிறது. அவர் கோபப்படக்கூட இல்லை. “சரி தாயி. படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பால்கோவா

சற்று நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. ரத்தம் எடுக்கும் பெண் ஓடிவந்து, “சுகர் எறங்கிருச்சு, இனிப்பா எதாவது குடுங்க” என்று கத்தினாள். என் மடியில் இருந்ததைத்தான் ஊட்டினேன். தெளிந்துவிட்டார். ஆனால் சாப்பிட்டபின் அந்தப் பரிசோதனை செல்லாது. ஆபரேஷன் தேதியும் போயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் லூப், காலையில் திறக்கும்போது காத்திருக்கும் கூட்டத்தை வயதுப்படி ஒரே தடவை அடுக்கும். பிறகு வருகிறவர்களைக் கடைசியில் சேர்க்கும். என் குவெரியோ ஒவ்வொரு ஆள் வரும்போதும் முதலிலிருந்து அடுக்கியது. பஸ்ஸில் வந்த மூத்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். வந்த நேரத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஒத்தக் கண்ணுதான் தாயி தெரியுது. பேரு கீழ எறங்குனது அந்தக் கண்ணுக்கே தெரிஞ்சுது.”

பிறகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவருக்கு இப்போது இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறதாம். அதனால்தான் நான் மகாராஜபுரம் பக்கமே போவதில்லை.