போர்டோ துரையின் பங்காளி

எங்கள் ஊரில் போர்டோ என்றால் ஒரு வெள்ளைக்காரர். அவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் திராட்சைக் கொடிக்கு அடிக்கிற நீல மருந்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றி, அரிவாளை அதில் முக்கிப் பார்ப்பார் அப்பா. இரும்பில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். "போர்டோ தொர எல்லாத்தையும் ரோசன பண்ணித்தான் சொல்லியிருக்கறாரு" என்பார். அவருடைய சட்டை, வேட்டி, நகக்கண் எல்லாம் நீலம். துவைக்கிறது அம்மா என்பதால் துரைக்கு எங்கள் வீட்டில் அர்ச்சனை நடக்காத நாளில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்த்தேன். தோட்டம் மேற்கே, மலையடிவாரத்தில். அதற்கு முந்தைய இரண்டு வெள்ளாமையும் பழுக்கிற சமயத்தில் மழை பிடித்துப் போயிருந்தன. "இதும் போச்சுன்னா கொடிய வெட்டிப்போட்டுத் தென்னைய வெச்சறலாம்" என்று அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நாளைக்கு மாட்டுக்குத் தவிடு வாங்க வேண்டும் என்கிற குரலில்தான் சொன்னார். அம்மா குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமான வருஷம் அவர் கையாலேயே கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தல் அது. அவருக்கு வேறு வெள்ளாமை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அந்தப் புரட்டாசியில் மில்லுக்குப் புது மெஷின் பூட்ட பிரான்சிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். இங்கிலீஷ் என்றதும் மேனேஜருக்கு அவசர வேலை வந்துவிடும். ஆகவே அவரோடு பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலவே நொண்டி. உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். திராட்சை என்றேன். மனுஷன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஊர் போர்டோவாம். அண்ணன் அங்கே திராட்சைத் தோட்டமும் ஒயினுமாக இருக்கிறாராம். போர்டோ என்பது ஒரு ஊர் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "போர்டோ தொரைக்குப் பங்காளிங்களா?"

"அது ஆள் பேரில்லீங்கப்பா. ஊர் பேரு."

மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. "ஊருக்கு அவரு பேர வெச்சிருப்பாங்க அம்மணி. எப்பிடியும் சொந்தமாத்தான் இருக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை என்ஜினியர் தோட்டத்துக்கு வந்தார். அப்பா நீலம் படாத ஒரே சட்டையைப் போட்டிருந்தார். பன்னீர் திராட்சை தலைக்கு மேலே கொத்துக்கொத்தாகக் கறுத்துத் தொங்கியது; பறிக்க இன்னும் ஒரு வாரம்தான். அவர்கள் ஊரில் கொடி இடுப்பு உயரத்துக்கு மேல் போகாதாம். அண்ணாந்து பார்த்தபடியே நடந்தவர் இரண்டு முறை வாய்க்காலில் கால் வைத்தார். மேற்கே மலைமேல் மேகம் இறங்கி நின்றது. அப்பாவும் அண்ணாந்துதான் பார்த்தார், ஆனால் கொடியை இல்லை.

"மழைக்கு அவுங்க ஊர்ல என்ன மருந்து அடிக்கறாங்கன்னு கேளு அம்மணி."

"மழைக்கு ஏதுங்கப்பா மருந்து?"

"நீ கேளு. அவுங்குளுக்குத் தெரியும்."

கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

1991இல் நடந்ததை அவர் சொல்ல ஆரம்பித்தார். ஏப்ரலில் ஒரே இரவில் பனி விழுந்து அண்ணன் தோட்டத்துத் தளிரெல்லாம் கருகிவிட்டதாம். நான் 'பனி' என்றதும் அப்பா பரபரப்பானார். எங்கள் பக்கம் பனி என்றால் மார்கழியில் இலை நனைந்து அடிச்சாம்பல் நோய் வருவது. அதற்குத்தானே நீல மருந்து. "போர்டோவுலயே இருந்துக்கிட்டு போர்டோ அடிக்கலீங்களா?" என்று கேட்டார். அது வேறு பனி, ஊட்டியில் புல்லை வெளுக்க வைக்குமே அது என்றேன். அப்பா உச்சுக்கொட்டினார். மிஞ்சியதையும் பறிக்கிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டதாம்.

"அப்ப அவுங்க அண்ணன் என்ன பண்ணுனாராம்?"

அதைத்தான் நான் கேட்கவே விரும்பவில்லை. கேட்டேன். அவர் இரண்டு கையையும் விரித்தார். ஒன்றும் செய்யவில்லை, நின்று பார்த்தான் என்றார். அந்த ஆள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை தூரம் வந்தவர் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? அப்பாமேலும் கோபம்தான். தமிழில் எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அது இதற்கு மேல் நல்லதாகவில்லை.

"ஒண்ணும் பண்ணுலீங்களாமாப்பா. நின்னு பாத்தாராமா."

அப்பா தலையை ஆட்டினார்.

கிளம்பும்போது அவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அண்ணன் தோட்டத்து ஒயின், அதே 1991. லேபிளில் வருஷத்தைப் பார்த்த அம்மா, "தேதி முடிஞ்சதையா கொண்டாந்து குடுக்கறாங்க?" என்று என் காதில் கடித்தாள். நானும் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன், கெட்ட வருஷத்தை ஏன் கொடுக்கிறீர்கள் என்று. நல்ல வருஷத்தை விற்றுவிடுவோம், இதை வீட்டோடு வைத்துக்கொள்வோம் என்றார். விருந்தாளி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. குடிக்காத வீட்டுக்குள் அதை வைக்க அம்மாவும் விடமாட்டாள். அப்பா அதை மோட்டார் ரூமில், மயில்துத்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வாரத்தின் நடுவிலேயே மழை வந்தது. விடாமல் பெய்தது. நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். வந்து என்ன செய்ய? பழம் ஒவ்வொன்றாக வெடித்து, இனிப்புத் தண்ணீர் எங்கள் தலையில் சொட்டியது. குளவியும் ஈயும் மொய்த்தன. பழம் எடுக்க வந்த வியாபாரியின் லாரி வண்டித்தடத்து முனையிலேயே திரும்பிப் போனது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் குடையோடு வந்து, "சரியாயிருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பந்தலிலும் அதே கதைதான். அப்பா வெடித்த கொத்து ஒன்றைப் பறித்துக் கூடையில் வைத்தார். பிறகு எதற்கென்று தெரியாமல் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மோட்டார் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார். பாட்டிலைத் திறக்கச் சொன்னார். கார்க்கை ஸ்குரூடிரைவரால் உள்ளே தள்ளினேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஜென்மத்தில் குடிக்காத மனுஷன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பாக்கு ஊறுன தண்ணியாட்டம் இருக்குது."

பாட்டிலை வெளிச்சத்துக்குத் திருப்பி லேபிளைப் பார்த்தார்.

"கெட்ட வருசத்தக்கூட பாட்டல்ல ஊத்தி, நெம்பர் போட்டு வெச்சுக்கறாங்க. நம்ம வருசத்த எதுல ஊத்தி வெக்கறது கண்ணு?"

ஊரைக் கூட்டுவாள் என்று நான் பயந்த அம்மா உள்ளே வந்து, டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

கொடியை அடியோடு வெட்டுகிற நாளில் கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாணம். தூரத்துச் சொந்தம், போகாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார். "நாங்க வாரதுக்குள்ள முடிச்சுப் போடுங்க" என்று ஆட்களிடம் சொன்னபோது அவர்கள் கையிலிருந்த அரிவாளைப் பார்க்கவில்லை.

பந்தியில் நான் அவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அந்நேரத்துக்குப் பாதித் தோட்டம் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர், பேச்சுக் கொடுக்கிறவராக, "ஏனுங்க, தோட்டத்துல என்னங்க வெள்ளாமை?" என்று கேட்டார்.

அப்பா பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார்.

"திராச்சைங்க" என்றார்.

"இந்த வருசம் எப்பிடீங்க?"

"பரவால்லீங்க" என்றார் அப்பா.