கிளிக்குப் பூசிய நிறம்

அன்று வீட்டில் இருந்தது நானும் அக்காவும் அவளுடைய ஏழு வயது மகனும். அக்கா வீட்டுக்காரர் மிளகு மூட்டைகளோடு ஜீப்பில் அடிவாரம் போயிருந்தார். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

ஐ.டி.ஐ. முடித்திருந்த நான் அப்போது ரயில் ஓட்டுநர் தேர்வுக்காகச் சேலத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்து வரும்போது பையனுக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்திருந்தேன். கையடக்கமானது. திரையில் வெறும் கோட்டுப் படம் வரும். குச்சிப் பேனாவால் ஒரு நிறத்தைத் தொட்டுப் படத்தில் வைத்தால் நிறம் பரவும். பையன் ஒரு கிளியை முடித்து அக்காவிடம் நீட்டினான்.

“ஏன் கண்ணு, கிளி மண்ணுல பொரண்டுச்சா? ஒடம்பெல்லாம் காப்பிப்பொடிக் கலருல இருக்குது!”

“பச்சைதாம்மா அடிச்சேன்.”

அக்கா திரையை என் பக்கம் திருப்பினாள். “நீயே சொல்லு சாமி.”

பார்த்தேன். “பச்சைதானுங்கக்கா. எதுக்கு அவனக் கிண்டல் பண்றீங்க?”

“சரிதான், தாய்மாமன உரிச்சு வெச்சிருக்கான்!” என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். திரையின் ஓரத்தில் இருந்த நிறங்களில் ஒன்றைத் தொட்டாள். “இது?”

“பச்சை.”

“இது?”

“அதுவும் பச்சைதான். கொஞ்சம் மங்கல்.”

“அது மண்ணுக் கலருடா.” அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

எனக்குக் காப்பித் தோட்டம் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் லீவு நாட்களில் அம்மாவோடு பறிக்கப் போவேன். என் கூடையில் எப்போதும் சிவந்த பழத்தோடு பச்சைக் காய் கலந்திருக்கும். கூடைகளைக் கணக்கெடுக்கும் எஸ்டேட் ரைட்டர் திட்டுவார். “அவனுக்கு நெனப்பெல்லாம் பொஸ்தகத்துலீங்க, உட்டுருங்க,” என்பாள் அம்மா. இவன் நொம்பப் படிக்கிற பிள்ளை என்று வீட்டில் பேச்சாகி, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக என்னைப் படிக்கவிட்டதே அந்தக் காய்களால்தான். கவனக் குறைவு என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

மறுநாள் சேலத்தில், கிளி விஷயத்தை நான் சொன்னதும், கண் டாக்டர் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். பெரும்பாலான பக்கங்களில் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன.

“சிக்னல் பாக்குற வேலைங்க தம்பி. மெடிக்கல்ல எடுக்க மாட்டாங்க.”

“கண்ணாடி போட்டா சார்?”

இல்லை என்று தலையசைத்தார். “இந்த நிறக்குருடு தாய் வழியில வர்றது. அக்கா பையனையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க.”

கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றது பயிற்சி நிலையம். அக்கா தன் இரண்டு வளையல்களையும் அடகு வைத்துக் கட்டிய பணம் அது. வளையல்களை மீட்டபோது அசலும் வட்டியுமாக முப்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.