மெர்வ் வாய்க்குப் போட்ட பூட்டு

ஹூவான் பள்ளத்தாக்கில் எது உடைந்தாலும் ஊர் மெர்வ் ஹாட்ரிக்கைத்தான் தேடும். பக்கத்துத் தோட்டத்து பம்பு, தேவாலயக் கதவு, யார் வீட்டுக் குழாய் என்றாலும் சரி. உடைந்ததைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

அவருடையது செர்ரித் தோட்டம். டிசம்பர் பிறந்தால் ஹோபார்ட் நகரத்திலிருந்து ஜனம் கார் காராக வந்திறங்கி, தாங்களே பறித்து, பாதியை அங்கேயே தின்றுவிட்டு மீதியை விலைக்கு வாங்கிப் போகும். கடைக்காரர்களுக்குப் பழம் போட்டுக் கட்டுப்படியாகாமல் போனபின், இப்படி வருபவர்களுக்குத் தோட்டத்துக் கேட்டைத் திறந்து வைத்துத்தான் அவரும் மனைவி நோலாவும் பிழைக்கிறார்கள். கேட்டைத் திறக்கக் காப்பீடு வேண்டும். காப்பீட்டுக் கம்பெனியோ வருஷத்துக்கு ஒரு நொட்டை சொல்லும். ஏணி கூடாது என்றார்கள். உச்சிப் பழமெல்லாம் பறவைக்குப் போயிற்று. நாயைக் கட்டு என்றார்கள், கட்டினார். குட்டைக்கு வேலி போடு என்றார்கள், முனகிக்கொண்டே போட்டார்.

போன சீசன் கடைசியில், ஆட்களை ஏற்றிப்போகும் டிராக்டர் வண்டியின் படிப்பலகை முறிந்து, பழம் பறிக்க வந்த பெட்ரா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மெர்வ் பதறிப்போனார்.

"ஐயோ, என் தப்புங்க! இந்தப் பலகையை எப்பவோ மாத்தியிருக்கணும்" என்று அத்தனை பேர் முன்னாலும் திரும்பத் திரும்பச் சொன்னார். தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் புதுப் பலகை அடித்துவிட்டு, பழையதை அடுப்பில் போட்டார்.

மறுநாள் வந்த காப்பீட்டுத் தரகர் ட்ரெண்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பலகை எங்க மெர்வ்?"

"எரிச்சுட்டேன்."

"எரிச்சுட்டீங்களா! அதுதானய்யா சாட்சி? கம்பெனி ஆளு வந்து பாக்குற வரைக்கும் உடைஞ்சது உடைஞ்சபடி கெடக்கணும்."

"இன்னொருத்தர் விழுந்தா?"

"யாரும் ஏறாம கயிறு கட்டி விட்டிருக்கணும். போகட்டும், அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"என் தப்புன்னு சொன்னேன். என் தப்புதானே!"

"அதை நீங்க சொல்லக் கூடாது, கம்பெனி சொல்லணும். இனிமே அவங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்கன்னா கம்பெனி கை கழுவிடும். அடுத்த சீசன் கேட்டைத் திறக்க முடியாது."

உள்ளேயிருந்து நோலாவின் குரல் வந்தது. "விழுந்தவளை எட்டி உதைச்சிருந்தா பரிசே குடுப்பாங்க போலிருக்கே!"

விவகாரம் இழுத்தது. பெட்ராவின் மகன் வக்கீல் வைத்தார். வக்கீல் ஒரு கடிதம் போட்டால் கம்பெனி ஒரு கடிதம் போட்டது. இரண்டு தரப்புக்கும் நடுவில் மெர்வை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவர் பெட்ராவுக்கு ஜாம் அனுப்பப் போனார். நோலா பாட்டிலைப் பிடுங்கி வைத்தார். மெர்வுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பார்ப்பவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தார். காய் சிவக்கத் தொடங்கியும் புது சீசனுக்கான காப்பீடு வந்தபாடில்லை.

அந்த வாரம் பெட்ராவே வந்து நின்றார். கையில் வாழைப்பழ கேக். மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது.

"வக்கீலெல்லாம் என் பையன் பண்ற வேலை. எனக்கு உங்கமேல கோவமே இல்ல. அன்னிக்கு அவரு மனசார ஒத்துக்கிட்டாரு, அது போதும்டான்னேன். 'அப்படி யாரும் சொல்லவே இல்லைன்னு கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்கம்மா'ங்கறான். நான் பாத்து ஏறலயாம். அவங்ககிட்ட நீங்க அப்படிச் சொல்லலதானே மெர்வ்?"

மெர்வ் நோலாவைப் பார்த்தார். நோலா மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வராம இருக்கணும்," என்றார் மெர்வ். "வந்தா பழமெல்லாம் வெடிச்சிரும்."

பெட்ரா, "சரிங்க" என்று கேக்கை நோலாவிடம் நீட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். மெர்வ் இரண்டடி பின்னாலேயே போனார். நோலா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

சில நாளில் ட்ரெண்ட் போன் செய்தார். சமரசம் முடிந்துவிட்டது, காப்பீடு வந்துவிட்டது, தாராளமாகக் கேட்டைத் திறக்கலாம். மெர்வ் சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.

"என்ன சொன்னான்?" என்றார் நோலா.

"நான் ரொம்ப நல்லா நடந்துக்கிட்டேனாம்," என்று சொல்லும்போதே மெர்வுக்கு அழுகை வந்துவிட்டது.