அண்ணாச்சியின் பெயர்

திருவனந்தபுரத்தில், தம்பானூர் பக்கம் ஒரு ஓட்டலில் நான் டீ மாஸ்டர். அங்கே பரோட்டா போட்டவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. வருஷக்கணக்கில் அவரும் நானும் ஒரே அறையில் படுத்தோம்.

ஒருநாள் ரயில் நிலைய வாசலில் மயங்கி விழுந்து இறந்துபோனார். செல்போனை யாரோ எடுத்துக்கொண்டார்கள். தேடிப் போன நான், பிணவறையில் முகத்தைப் பார்த்ததும் கதறிவிட்டேன்.

"சொந்தம் சேட்டனாணோ?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"ஆமா சார், கூடப் பொறந்த அண்ணன்" என்று பொய் சொன்னேன்.

"பேரு பறயூ. அச்சன் பேரு?"

அண்ணாச்சியின் பெயரோ, அவர் அப்பா பெயரோ எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓட்டலில் கேட்டால், முதலாளிக்கே தெரியவில்லை. ஊர் வள்ளியூர் என்றான் ஒருவன், சங்கரன்கோவில் என்றான் இன்னொருவன்.

"நானே அடக்கம் பண்ணிக்கிடுதேன், குடுங்க சார்" என்று போலீஸ்காரரின் காலில் விழுந்தேன்.

அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். "பந்துக்கள் வரணும், மோனே. பேப்பர்ல பரஸ்யம் கொடுக்கும். ஆரும் வரலேன்னா மெடிக்கல் காலேஜுக்குப் போகும். சட்டம் அதாணு."

விளம்பரம் மலையாளத்தில் வந்தது. வள்ளியூரில் அதை யார் படிப்பார்கள்? கெடு முடிந்ததும், மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ரயிலுக்கு வரும் மருத்துவ மாணவர்கள் எங்கள் ஓட்டலில் டீ குடிப்பார்கள். அவர்களின் விரல்களைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. நேற்று ஒருவன், "அண்ணாச்சி, ஒரு சாயா" என்றான். அவன் கேட்காமலே என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொன்னேன்.

"ஓகே, அண்ணாச்சி" என்று டம்ளரை வாங்கிக்கொண்டான்.