கன்னத்தில் சைக்கிள் சக்கரம்

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டில் நான் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு பட்டமே வாங்கியிருக்கலாம். எழுபதுகளின் தொடக்கம் அது. பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். காலையில் நான் கேட்டை நெருங்குவதும் கேட்கீப்பர் கேட்டைச் சாத்துவதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். கூடூர்ப் பக்கம் போகிற சரக்கு வண்டி வரும், அல்லது வராது, அல்லது வந்து நடுவில் நின்றுவிடும். ஆலைக்குப் போகிறவர்கள் சைக்கிளைச் சாய்த்து கேட்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கஞ்சி போட்ட புடவையில் நான் அப்படி நுழைய முடியாது. நிற்பேன்.

நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே உரக்கிடங்கின் மதில். அதில்தான் அவள் இருந்தாள், கூந்தல் தைல விளம்பரத்துப் பெண். நம்மைப் போல இரண்டு ஆள் உயரம். அவள் தலைமுடி மதில் நீளத்துக்கும் ஓடி, மூலையில் திரும்பி, சாக்கடையில் போய் முடிந்தது. எத்தனையோ மழை பார்த்ததில் ஒரு கண் உதிர்ந்துவிட்டது. கன்னத்துப் பெயிண்டு பெயர்ந்து, அதற்கு முன்னால் அங்கே எழுதியிருந்த சைக்கிள் கடை விளம்பரத்தின் சக்கரம் கம்பிகளோடு தெரிந்தது. நெற்றிக்கு மேல் ஏதோ ஒரு தேர்தலில் எழுதியதில் 'உங்கள் ஓட்டு' வரைக்கும் இருந்தது. யாருக்கு என்பதை முடி மூடிவிட்டது.

சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்து நான் வீட்டில் வரைந்துகொண்டிருந்ததெல்லாம் தாமரைக் குளம், குடம் தூக்கும் பெண், சூரிய அஸ்தமனம். எனக்கே அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் கேட்டில் நின்றபோது, வரைய வேண்டியது எதிரிலேயே இருக்கிறது என்று தோன்றியது. அந்த மதிலை, உதிர்ந்தது உதிர்ந்தபடியே, ஒரு பெரிய கான்வாஸில் கொண்டுவர வேண்டும். அதன் முன்னால் கேட் திறக்கக் காத்திருக்கும் சைக்கிள்காரர்கள், மீன்கூடையோடு பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற பெண்கள், மாட்டுவண்டி. சைக்கிள்காரர்களுக்கு மேலே அவள் ஒற்றைக் கண்ணோடு.

சென்னையிலிருந்து டெண்ட் துணி வாங்கி வந்து, தச்சரிடம் சட்டம் அடித்து, வீட்டின் முன் அறையில் நிறுத்தினேன். என் கணவர் ஓர் ஆலையில் ஸ்டோர் கிளார்க். "நாற்காலி எங்க போடறது?" என்று மட்டும் கேட்டார். நாற்காலி வாசலுக்குப் போனது.

நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டருகே நின்று பென்சிலால் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். அதுவரை அந்த மதிலை யாரும் ஏறிட்டும் பார்த்ததில்லை. நான் பார்க்கிறேன் என்றதும் எல்லோரும் பார்த்தார்கள். டீக்கடையில் பேச்சாகி, செய்தி போக வேண்டியவரிடம் போய்விட்டது.

அந்த விளம்பரத்தை எழுதியவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை வைத்திருந்தார். கடைப் பலகை, லாரிக்குப் பின்னால் மயில், ஆலைச் சுவரில் 'பீடி பிடிக்காதே', தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுத்து. தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவார். ஊரில் அவரை எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். என்னை ஒருவர்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாளே சைக்கிளின் இரண்டு பக்கமும் டப்பாக்கள் ஆட வந்து என் பக்கத்தில் இறங்கினார்.

"இன்னா டீச்சரம்மா, இத்தப் போயி வரஞ்சிக்கினு கீறீங்க?"

"நல்லா இருக்கு, அதான்."

"இன்னா நல்லா கீது? ஜுரத்தோட ஏணில நின்னு போட்டது. மூக்கப் பாருங்க. அப்பால கண்ணு வேற போச்சு. யாருனா பெரிய மனுசங்க பாத்தா நம்ம பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

"கண்ணு போனதுதான் எனக்கு வேணும். நீங்க அத ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண் போனது எனக்கு எதற்கு என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "சரி, சரி" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். சரி என்றால் செய்ய மாட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் சரி சொன்னது வேறு எதற்கோ.

அடுத்த திங்கட்கிழமை கேட்டில் போய் நின்றேன். எதிரே இரண்டு கண்ணும் மின்ன, ரோஜா நிறக் கன்னத்தோடு, உதட்டுக்குச் சிவப்பும் காதுக்கு ஜிமிக்கியுமாக ஒரு புதுப் பெண் நின்றாள். சக்கரம் போயிருந்தது. ஓட்டும் போயிருந்தது. மதிலுக்கு அடியில் அவர் தூரிகைகளைத் துடைத்தபடி எனக்காகவே காத்திருந்தார்.

"கம்பெனிக்காரன் சொல்லல, எவனும் சொல்லல. சொந்தப் பெயிண்டு. உங்களுக்காவத்தான் டீச்சரம்மா. இப்ப வரைங்க."

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. கேட் திறந்தது. பள்ளிக்குப் போய், எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு வாழைப்பழம் வரையக் கற்றுக்கொடுத்தேன்.

பிறகு என்னிடம் மிஞ்சியது பென்சில் குறிப்புகளும் நினைவும்தான். அவற்றை வைத்து வீட்டில் வரைந்தேன். சைக்கிள்காரர்கள் வந்துவிட்டார்கள், மீன்காரப் பெண்கள் வந்துவிட்டார்கள், மாடுகூட வந்துவிட்டது. மதில் மட்டும் வரவில்லை. பெயிண்டு காய்ந்து சுருண்டு பெயர்ந்து நிற்கிற அந்தத் தோலை என் தூரிகையால் கொண்டுவர முடியவில்லை. வழித்தேன், திரும்பப் போட்டேன், கத்தியால் கீறினேன், கந்தலால் ஒற்றினேன். எதைச் செய்தாலும் வழவழவென்று காலண்டர் படம் போல வந்தது.

இது போதாதென்று ஆர்ட்டிஸ்ட்டும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். முதல்முறை, "எப்படி வருதுன்னு பாக்கலாம்னு" வந்தார். இரண்டாம்முறை மனைவியைக் கூட்டி வந்தார். ஒவ்வொரு தடவையும் நாற்காலியை வாசலிலிருந்து உள்ளே தூக்கி வந்து போட்டு உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"ஒரு கண்ணு இல்லாமயே உட்ருக்கீங்க."

"ஆமா."

"பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஆர்ட்டிஸ்ட்டு கூலி வாங்கிக்கினு கண்ணு போடாம பூட்டான்னு நெனப்பான்."

"இது என் படம். உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

"பொம்ம நான் போட்டதாச்சே மா."

காப்பி கொடுத்து அனுப்புவேன். என் கணவருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. இருவரும் வாசலில் உட்கார்ந்து ஆலை விஷயம், எலெக்ஷன் விஷயமெல்லாம் பேசுவார்கள். நான் உள்ளே மதிலோடு மாரடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கும் டீச்சருக்கு ஆரம்பாக்கத்தில் வளைகாப்பு. காலையில் போய்விட்டு சாயங்கால பாசஞ்சரில் திரும்பினேன். தெருவில் திரும்பும்போதே எனாமல் வாசனை வந்தது. எங்கள் வீட்டிலிருந்து வருகிறது என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

கணவர் வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "உள்ள போய்ப் பாரு."

பார்த்தேன். மதில் பெண்ணுக்கு இரண்டு கண் வந்திருந்தது. கூந்தல் கரேலென்று பளபளத்தது. நான் பாடுபட்டு வரைந்த சக்கரத்தின் மேல் ரோஜா நிறக் கன்னம். கீழே வலது மூலையில், எல்லாச் சுவரிலும் எழுதுவதைப் போலவே, அழகாகச் சாய்ந்த எழுத்தில் அவருடைய கடையின் பெயரும், அதற்கடியில் 'பஸ் ஸ்டாண்டு எதிரில்' என்றும் இருந்தது.

"யாரு உள்ள உட்டது?" என்றேன்.

"நான்தான். நீ எத்தினி மாசமா அந்தக் கன்னத்தோட பேஜாரு பட்டுக்கினு கீற. அவரு வந்தாரு, ஒரு கை குடுக்கறேன்னாரு. மத்தியானத்துல முடிச்சிட்டாரு. நாஷ்டா மட்டும்தான் வாங்கிக் குடுத்தேன்."

"உங்க ஸ்டோர் கணக்குல யாராவது வந்து ஒரு கை குடுத்தா உடுவீங்களா?"

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. அன்று ராத்திரி நான் சமைக்கவில்லை. அவர் போய் இட்லி வாங்கி வந்து, எனக்கும் ஒரு பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் படுத்துத் தூங்கிவிட்டார். படத்தின் பக்கம் திரும்பவே எனக்கு மனம் இல்லை. அந்த அறையின் கதவைச் சாத்தி வைத்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த கடைக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் ஒரு லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இதாம்பா, நான் சொன்னனே, டீச்சரம்மா" என்று அவரிடம் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி மோர் கொண்டுவந்தாள். குடிக்காமல் எப்படிப் பேசுவது. குடித்தேன்.

லாரிக்காரர் போனதும் சொன்னேன். "நீங்க செஞ்சது தப்பு. அது என் படம். என்னைக் கேக்காம நீங்க அதுல கை வெச்சிருக்கக் கூடாது. எத்தனை மாச வேலை தெரியுமா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் எதிர்பார்த்தது சண்டையை. அவர் சண்டை போடவில்லை.

"நல்லால்லியா மா?"

"நல்லா இருக்கு, இல்லைங்கறது இல்ல."

"அழிச்சிடுங்க." உள்ளே போய் ஒரு டின்னில் கிருஷ்ணாயில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னும் முழுசாக் காஞ்சிருக்காது. துணில நனைச்சித் தொடச்சா வந்துரும்."

டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கோபமாகப் போனவள் குற்றவாளி போலத் திரும்பி வந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, கதவைத் திறந்து படத்தின் முன்னால் போய் நின்றேன். நின்றவள் கையைத் தூக்கவில்லை. நான் வரைந்திருந்த எண்ணெய்ச் சாயம் அடியில் இன்னும் காயாமல் இருந்திருக்கிறது. அதன் மேல் அவர் போட்ட எனாமல் வேகமாக இறுகி, ஒரு பகல் ஓர் இரவுக்குள் இழுத்துக்கொண்டு சுருங்கிவிட்டது. ரோஜாக் கன்னம் முழுவதும் சுருக்கம். ஓரங்களில் தோல் போல் சுருண்டு நின்றது. ஒரு கண் நடுவில் பிளந்திருந்தது. கன்னத்துப் பிளவுகளின் வழியாக என் சக்கரத்தின் கம்பிகள் அங்கங்கே தெரிந்தன.

அதுதான் மதில். நான் எத்தனையோ மாதம் தொட முடியாமல் தவித்த அதே மதில். அந்தப் பெரிய கான்வாஸில் உயிரோடு இருந்த ஒரே இடம், அவர் கெடுத்த இடம்.

சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். அப்படியே உட்கார்ந்து, கையிலிருந்த துணி நாறுவதுகூடத் தெரியாமல், என் சைக்கிள்காரர்களையும் மீன்காரப் பெண்களையும் பார்த்தேன். எல்லாம் காலண்டர். பிறகு ஒரு மாதம் அவர்களைத்தான் மாற்றி மாற்றி வரைந்தேன், அந்தக் கன்னத்துக்கு ஈடாக வேண்டும் என்று.

ஆனால் அவர் விடுவாரா. இரண்டாவது வாரமே விஷயம் தெரிந்து, உப்புக்காகிதமும் டப்பாவுமாக வந்து நின்றார். சுருக்கத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ நைனா" என்று என் கணவரைப் பார்த்தார். "இன்னா இது, கருவாடு மாதிரி ஆயிருக்குது. நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா? மா, நவுருங்க. தேச்சிட்டு ஒரே கோட்டு."

"தொடக் கூடாது," என்று படத்துக்குக் குறுக்கே நின்றேன்.

"அன்னிக்கு ஏன் தொட்டேன்னீங்க. இன்னிக்குத் தொடாதன்றீங்க."

"ஆமா. அன்னிக்கு அப்படி, இன்னிக்கு இப்படி."

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது அன்றுதான். "அப்ப நம்ம கடை பேர எடுத்துடுங்க. இது நம்ம வேலைன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

எழுதியவர் பெயர் இல்லாத சுவர் விளம்பரம் எங்கே இருக்கிறது என்று நான் வாதாடினேன். பெயர் எனக்கு வேண்டியிருந்தது. என் படத்தில் அவர் பெயர் இருக்க வேண்டுமென்று நானும், கூடாதென்று அவரும் அரை மணி நேரம் கத்தினோம். கடைசியில் அவர் உப்புக்காகிதத்தை எடுத்துத் தன் கடைப் பெயரை மட்டும் தேய்த்துவிட்டுப் போனார். கீழ் வரியை விட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு சென்னையில் ஓர் ஓவியச் சங்கம் நடத்திய கண்காட்சிக்கு அந்தப் படம் போயிற்று. நான் தலைப்பு எழுதி அனுப்பிய துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. மூலையில் இருந்ததைப் பார்த்து, பட்டியலில் 'பஸ் ஸ்டாண்டு எதிரில்' என்று அச்சடித்துவிட்டார்கள். படத்தில் இருப்பது ரயில்வே கேட். வந்தவர்கள் பஸ்ஸைத் தேடினார்கள். ஒரு பெரியவர் சுற்றிலும் பத்துப் பேரை நிறுத்தி, வராத பஸ் என்பது நம் காலத்து மனிதனின் நிலை என்று வெகுநேரம் விளக்கினார். குறுக்கே போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஆர்ட்டிஸ்ட்டும் வந்திருந்தார், சலவைச் சட்டையில். ஒரு தூணின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் ரயிலில், பொன்னேரி தாண்டிய பிறகு கேட்டார்.

"அந்தப் பெரியவரு இன்னா சொன்னாரு, டீச்சரம்மா?"

"நல்லா இருக்குன்னாரு."

"சுருங்கிப் போனதுமா?"

"அதைத்தான் ரொம்ப."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மெட்ராசுல கண்ணு சரியில்ல மக்களுக்கு" என்றார்.

படம் விற்கவில்லை. அதற்காக நான் நிறுத்தவில்லை, சுவர்களையே வரைந்தேன். ஆனால் ஒரு முடிவு எடுத்தேன், கும்மிடிப்பூண்டிச் சுவர் இனி வேண்டாம். சனிக்கிழமைகளில் பஸ் மாறி மாறித் திருவள்ளூர் போனேன். கோர்ட்டுப் பக்கத்தில், பழைய சினிமாப் போஸ்டர் அடுக்கடுக்காக உரிந்து தொங்கும் ஒரு நல்ல மதில் கிடைத்தது. இரண்டு சனிக்கிழமை நிம்மதியாக வேலை நடந்தது. மூன்றாவது சனிக்கிழமை போனபோது போஸ்டரெல்லாம் சுரண்டி எடுக்கப்பட்டு, பாதி மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. எலெக்ஷன் வந்துகொண்டிருந்தது. நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏணியின் மேலிருந்து குரல் வந்தது. "டீச்சரம்மா, அங்கியே நெழல்ல குந்துங்க. இத்த முடிச்சிட்டு வந்துடறேன், ரெண்டு பேருமா ஊட்டுக்குப் பூடலாம்."

அவர் முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது.