பெரட்டில் கேட்ட குரல்

பதுளை பஸ்ஸில், மடியில் மாணவர்களின் விடைத்தாள்கள். கேள்வி: பழைய பேய்க்கதைகளின் இயல்புகள் யாவை? எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். பாழடைந்த மாளிகை, மூடுபனி, பூட்டிய அறை, ஆளில்லாமல் கேட்கும் குரல்.

நமுனுகுலவில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர், எட்டிப் பார்த்தார்.

“ஏன் டீச்சர், பேய்க்கும் பங்களாதான் வேணுமா? எங்க லயத்து வீட்டுக்கெல்லாம் வராதா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நேத்துக் காலையில பெரட்டுல, வேலைக்கு அனுப்ப முன்னாடி வரிசையா நிக்க வச்சு, பேர் கூப்பிட்டாங்க. கங்காணி புதுசு. பழைய பேர் இடாப்ப வச்சிக்கிட்டு என் தங்கச்சி ராணி பேரையும் கூப்பிட்டுட்டாரு. அவ போன மழையில மண்சரிவுல போயிட்டா டீச்சர். ஒரே பனி, ஆள் மூஞ்சியே தெரியல. ‘இருக்கேங்க’ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.”

விடைத்தாள்களை மூடி வைத்தேன். “யாரு?”

“நான்தான். அவ எப்பவும் பிந்தித்தான் வருவா. அவளுக்கும் சேத்து நான்தான் குரல் குடுப்பேன். வாய் பழகிப்போச்சு.”

“கங்காணி என்ன சொன்னாரு?”

“அடுத்த பேரைக் கூப்பிட்டாரு.”

பதுளையில் இறங்கும்போது கேட்டார்: “நாளைக்கும் அவ பேரைக் கூப்பிடுவாருல்ல?”

மாளிகை, பூட்டிய அறை என்று எழுதிய எல்லோருக்கும் முழுப் புள்ளி போட்டிருந்தேன். திரும்பத் திருத்தவா, சொல்லுங்கள்.